வென்ட் பைப்பை வெட்டிவிட்டு ஏர் அட்மிட்டன்ஸ் வால்வு போட்டால் போதுமா?

கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். கோவையில் கீழ்த்தளமும் முதல் தளமும் உள்ள தனி வீடு, பின்பக்கம் செப்டிக் டேங்க். மொட்டை மாடியில் சோலார் போட வந்தவர், அங்கே ஆளுயரத்துக்கு நிற்கும், கழிவுநீர் லைனுக்குக் காற்றுவழியான 4 இஞ்ச் வென்ட் பைப்பின் நிழல் பேனலில் விழும், தளத்தோடு வெட்டிவிடுங்கள் என்கிறார். வெட்டிய இடத்தில் ஏர் அட்மிட்டன்ஸ் வால்வு (காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு) ஒன்றைச் சொருகிவிட்டால் போதும் என்கிறார் ப்ளம்பர். இதற்கு நடுவில், முதல் தளத்தில் சமையலறைக்குப் பின்னால் சிங்க்கும் வாஷிங் மெஷினும் புதிதாக வைத்ததிலிருந்து, மெஷின் தண்ணீரை வெளியேற்றும்போதெல்லாம் பாத்ரூம் நஹானி டிராப்பில் (தரை ஓட்டைக்கு அடியில், நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் பகுதி) ‘குளுக் குளுக்’ சத்தம், பின்னாலேயே நாற்றம். அதற்கும் இதே வால்வுதான் மருந்து என்று ஒரு வீடியோ சொல்கிறது. இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்த வால்வு வென்ட் பைப்புக்கு ஈடாகுமா?

ஈடாகாது. வென்ட் பைப் பார்க்கும் இரண்டு வேலைகளில் ஒன்றை மட்டும்தான் அது பார்க்கும்.

முதல் வேலை, காற்றை உள்ளே விடுவது. செங்குத்துப் பைப்பில் கழிவுநீர் கட்டியாக விழுவதில்லை. உள்சுவரை ஒட்டி வழிந்தபடி, நடுவில் இருக்கும் காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு இறங்கும். அந்தக் காற்று கொஞ்சநஞ்சமல்ல. செங்குத்துப் பைப்பின் தலையில் வைக்கும் வால்வு, இறங்கும் தண்ணீரைப் போல 8 மடங்கு காற்றை உள்ளே விட வேண்டும் என்பது ஐரோப்பியக் கணக்கு. நொடிக்கு 2 லிட்டர் தண்ணீர் இறங்கினால் 16 லிட்டர் காற்று தேவை. மேலிருந்து அது கிடைக்காவிட்டால், பக்கத்தில் எந்த டிராப் இருக்கிறதோ அதன் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு அந்த வழியாகக் காற்று வரும். நீங்கள் கேட்கும் ‘குளுக்’ சத்தம் பெரும்பாலும் அதுதான். டிராப்பில் நிற்பது 50 மி.மீ. தண்ணீர். ஸ்ட்ராவில் இளநீரை இரண்டு அங்குலம் ஏற்றும் அளவுக்கு உறிஞ்சினாலே அந்தத் தடுப்பு உடைந்துவிடும். சாக்கடைக் காற்றுக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவே இருப்பது அவ்வளவுதான். 2003இல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் தொற்றியபோது, தண்ணீர் காய்ந்துகிடந்த பாத்ரூம் தரை டிராப்புகளும் அதற்கு ஒரு வழி என்று விசாரணையில் சொன்னார்கள்.

இரண்டாவது வேலை, காற்றை வெளியே விடுவது. செப்டிக் டேங்க்கில் இரவும் பகலும் வாயு உருவாகிக்கொண்டே இருக்கிறது. அது போக ஒரு வழி வேண்டும். தவிர, மேலிருந்து இறங்கும் தண்ணீர் தனக்கு முன்னால் இருக்கும் காற்றை நெருக்கித் தள்ளும். மேல்வாய் திறந்த பைப் இந்த இரண்டையும் சத்தமில்லாமல் வெளியேற்றிவிடும்.

வால்வின் உள்ளே இருப்பது ஒரு ரப்பர் வட்டு. சும்மா இருக்கும்போது தன் எடையால் வாயை மூடி உட்கார்ந்திருக்கும். பைப்புக்குள் உறிஞ்சல் வந்தால் மேலே எழும்பிக் காற்றை விடும். நல்ல வால்வு சுமார் 70 பாஸ்கலிலேயே, அதாவது 7 மி.மீ. தண்ணீர் அளவுக்கான உறிஞ்சலிலேயே திறந்துவிடும். உள்ளிருந்து அழுத்தம் வந்தால் இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்ளும். கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு மாதிரி ஒருவழிப் பாதை. இதை 1970களில் உருவாக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டூரே எரிக்சன். கூரைக்கு மேல் நீட்டிய பைப்பின் வாயில் பனி உறைந்து அடைத்துக்கொள்ளும் நாடுகளில் இதற்கு மதிப்பு அதிகம். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. வெட்டவெளியில் பைப்பை நிறுத்துவதில் செலவும் இல்லை. அதனால்தான் நம் ஊரில் இதன் பயன் குறுகலானது: பைப்பை மேலே கொண்டுபோக முடியாத இடத்துக்கு மட்டும்.

இந்த வால்வை ஏற்றுக்கொண்ட ப்ளம்பிங் விதித்தொகுப்புகளும் (கோடு) ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. அமெரிக்காவின் ஐ.பி.சி. கோடு எத்தனை வால்வு வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்கிறது. ஆனால் ஒரு கட்டடத்தின் கழிவுநீர் அமைப்பில் குறைந்தது ஒரு வென்ட் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. அங்கேயே இன்னொரு கோடான யு.பி.சி. இந்த வால்வை நெடுங்காலம் ஏற்றுக்கொள்ளவே இல்லை. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கான பதில், வீட்டில் திறந்த வென்ட் வேறு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இல்லையென்றால் பைப்பை வெட்டி வால்வு போடுவதும், வாயில் எண்ட் கேப் ஒட்டுவதும் வாயுவைப் பொறுத்தவரை ஒன்றுதான். வெளியேற வழி தேடும் வாயு, தண்ணீர் குறைவாக நிற்கும் டிராப்பைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வரும்.

செப்டிக் டேங்க்குக்குத் தனியாகக் கொசுவலை கட்டிய வென்ட் பைப் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். போதலாம், அதற்கு வீட்டு லைனின் காற்று டேங்க்கின் மேல்வெளிக்குப் போய்ச் சேர வேண்டும். டேங்க்கில் கழிவு நுழையும் இடத்தில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டிருப்பார்கள்; அதன் கீழ்க்கால் தண்ணீருக்குள் முங்கியிருக்கும், மேல்வாய் திறந்திருக்க வேண்டும். அந்த மேல்வாய் வழியாகத்தான் வாயு வீட்டு லைனுக்கும் டேங்க் வென்ட்டுக்கும் போய்வரும். மேஸ்திரி டீக்குப் பதிலாக பெண்ட் போட்டிருந்தாலோ, மேல்வாயை சிமெண்டால் பூசியிருந்தாலோ இரண்டும் தனித்தனி உலகம். டேங்க் வென்ட் உங்கள் பாத்ரூமுக்கு உதவாது. இதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. லாரி வந்து டேங்க்கை எடுக்கும் நாளில், மூடி திறந்திருக்கும்போது எட்ட நின்று டார்ச் அடித்தோ, கம்பில் கட்டிய போனில் படம் எடுத்தோ பாருங்கள். தலையை உள்ளே நீட்டுவதோ ஆளை இறக்குவதோ கூடவே கூடாது; உள்ளே இருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். தீக்குச்சி, ஊதுபத்தி எதுவும் அருகில் வேண்டாம், மீத்தேன் இருக்கும்.

டீ திறந்திருந்து, டேங்க் வென்ட்டும் முறையாக உயரத்தில் முடிந்தால், இரண்டு தள வீட்டில் செங்குத்துப் பைப்பின் தலையில் வால்வு போடுவது தொழில்நுட்ப ரீதியில் தவறில்லை. ஆனாலும் மொட்டை மாடியில் வெட்டவெளியில் அதை வைக்க நான் சொல்ல மாட்டேன். இந்த வால்வுகளுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 12380. அதில் மேல் வெப்ப வரம்பே 60 டிகிரி செல்சியஸ். மே மாத வெயிலில் மொட்டை மாடியில் கிடக்கும் கறுப்புப் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள், புரிந்துவிடும். வெயிலில் ரப்பர் இறுகும், காற்றுத் துளைகளில் தூசி சேரும், பல்லி புகும், குளவி மண்ணைக் கொண்டுவந்து கூடு கட்டிவிடும். வட்டு மூடாமல் நின்றால் நாற்றம். திறக்காமல் நின்றால் டிராப் காலி. வால்வு பல்லாண்டு உழைக்கும் என்பது தயாரிப்பாளரின் வார்த்தை. அது நிழலான, தூசியில்லாத இடத்தில் இருக்கும் வால்வுக்கு. நம் மொட்டை மாடிக்கு அந்தக் கணக்கை நான் நீட்ட மாட்டேன்.

நிழல்தான் பிரச்சினை என்றால் பைப்பை வெட்டாதீர்கள், நகர்த்துங்கள். கோவை ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. பேனல் தெற்கு பார்த்து வரும். 2 மீட்டர் உயரப் பைப்பின் நண்பகல் நிழல், டிசம்பர் கடைசியில் வடக்கே சுமார் 1.4 மீட்டர் நீளும். ஜூன் கடைசியில் சூரியன் வடக்கே போய்விடுவதால் நிழல் தெற்கே 45 செ.மீ. அளவுக்குத்தான் விழும். அதாவது பேனல் வரிசைக்கு வடக்கே, ஒரு மீட்டர் தள்ளிப் பைப் நின்றால் உச்சிப் பொழுதில் ஆண்டு முழுக்க நிழல் படாது. காலையிலும் மாலையிலும் ஓரத்தில் கொஞ்சம் படலாம், அதனால் வரும் இழப்பு குறைவு. தளத்துக்கு மேல் அரை அடி விட்டு வெட்டி, 45 டிகிரி பெண்ட் இரண்டு போட்டு, கைப்பிடிச் சுவரை ஒட்டி வடக்கு ஓரத்துக்குக் கொண்டுபோய் மறுபடி நிமிர்த்துங்கள். படுக்கையாக ஓடும் பகுதி பழைய பைப்பை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே வேர்க்கும் தண்ணீரும் மழைத் தண்ணீரும் தேங்கிக் காற்றை அடைத்துவிடும். அளவை 4 இஞ்ச்சிலிருந்து குறைக்க வேண்டாம். வென்ட்டுக்கு எஸ்.டபிள்யூ.ஆர். பைப்பில் (கழிவுநீர், மழைநீருக்கான பி.வி.சி. பைப்) டைப் ஏ போதும், மலக்குழாய்க்கான டைப் பி தேவையில்லை. வெயிலுக்கு மேலே ஒரு கோட் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

உயரத்தைக் குறைக்கச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். ஆள் நடமாடும் மொட்டை மாடியில் வென்ட் பைப் தளத்திலிருந்து 2 மீட்டராவது உயர வேண்டும் என்பது நம் நாட்டு விதி. கிடைமட்டமாக 3 மீட்டருக்குள் ஜன்னல் இருந்தால் அந்த ஜன்னலின் மேல் விளிம்பைத் தாண்டி நன்றாக மேலே முடிய வேண்டும். பேனலுக்கு அடியில் பைப்பை முடித்துக்கொள்ளலாம் என்பது இதைவிட மோசமான யோசனை. உயர்த்திய ஸ்டாண்டுக்குக் கீழே நீங்கள் துணி காயப்போடுவீர்கள், வத்தல் போடுவீர்கள். வாயு அங்கேயே சுற்றும். வாயில் கவுலும் (காற்றுத் துளையுள்ள மேல்மூடி) கொசுவலையும் கட்டாயம்.

இனி அந்தக் ‘குளுக்’ சத்தம். வால்வு வாங்கும் முன் அது உறிஞ்சலா, தள்ளலா என்று தெரிந்துகொள்ள வேண்டும். உறிஞ்சலுக்கு மட்டும்தான் வால்வு. சோதனைக்குச் செலவில்லை. நஹானி டிராப்பின் ஜாலியை எடுத்துவிட்டு ஒரு மக் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை நிற்க வைத்து நனைந்த மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாயைச் சுற்றித் துடைத்துவிட்டு, காய்கறிக் கடையில் தரும் மெல்லிய பாலிதீன் கவரை விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். ஒருவர் மெஷினை டிரெயினுக்குத் திருப்பட்டும், இன்னொருவர் பாத்ரூமில் கவரைப் பார்க்கட்டும். கவர் கிண்ணம் போல் உள்வாங்கினால் உறிஞ்சல். பூரி மாதிரி உப்பினால் தள்ளல். முதலில் உப்பிப் பிறகு உள்வாங்கினால் லைன் பாதி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். முடிந்ததும் கவரை எடுத்துக் குச்சியால் மட்டத்தை மறுபடி பாருங்கள். அரை அங்குலம் இறங்கியிருந்தால் கவலை வேண்டாம். ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தால் டிராப் காலியாகிக்கொண்டிருக்கிறது. வால்வு சம்பந்தமே இல்லாத காரணமும் உண்டு. பல வீடுகளில் நஹானி டிராப்புக்குள் கவிழ்த்த தொப்பி மாதிரி ஒரு கிண்ணம் இருக்கும். கழுவும்போது அதை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்க மறப்பார்கள். அந்தத் தொப்பிதான் அங்கே தடுப்பு.

உப்பினால் என்ன செய்வது? முதலில் லைனைச் சுத்தம் செய்யுங்கள். சமையலறை லைனின் உள்சுவரில் எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் சேர்ந்து சோப்புக் கட்டி போல இறுகியிருக்கும். 3 இஞ்ச் பைப்பில் காற்று போக இடமே இருக்காது. டோர் பெண்ட்டின் மூடியைக் கழற்றினால் கண்ணாலேயே பார்க்கலாம். அடுத்து சரிவு. படுக்கைப் பைப் 15 அடி ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 1:40 சரிவுக்கு முனைக்கு முனை நாலரை இஞ்ச் இறக்கம் வர வேண்டும். டைல்ஸ் மட்டம் ஏறக்கூடாது என்று பல இடங்களில் இரண்டு இஞ்ச்சோடு முடித்துவிடுவார்கள். அந்தச் சரிவில் தண்ணீர் பைப்பை நிறைத்துக்கொண்டு ஊர்ந்து, முன்னால் இருக்கும் காற்றைப் பிஸ்டன் போலத் தள்ளும். செங்குத்துப் பைப்பில் சேரும் இடத்தில் நேர் டீ போட்டிருந்தால் அதைச் சாய்வாகச் சேரும் ஒய் (Y வடிவ இணைப்பு) ஆக மாற்றுவதும் உதவும். இவற்றைச் சரிசெய்யாமல் வால்வு போட்டால் ஒரு பயனும் இல்லை. தள்ளும் காற்றுக்கு அது மூடிய கதவு.

உள்வாங்கினால் வால்வு நன்றாகவே உதவும். அப்போதும் இடம் சரியாக இருக்க வேண்டும். உங்கள் அமைப்பில் சிங்க், மெஷின், பாத்ரூம் டிராப் மூன்றும் ஒரே 3 இஞ்ச் லைனில் சேர்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். மெஷின் தள்ளிய தண்ணீர் பைப்பை நிறைத்து ஓடும்போது, அதன் வால்பக்கம் காற்று இல்லாமல் உறிஞ்சல் உண்டாகிறது. ஆகவே வால்வு வர வேண்டியது லைனின் தொடக்க முனையில், முதல் இணைப்புக்கும் மேலே. அந்த முனையில் எண்ட் கேப் இருக்கும். அதை எடுத்துவிட்டு ஒரு எல்போ போட்டு, பைப்பைச் சுவரோரம் நிமிர்த்தி, சிங்க்கின் மேல் விளிம்பைத் தாண்டி ஒரு சாண் உயரத்தில் வால்வை உட்கார வையுங்கள். லைன் அடைத்துக்கொண்டால் அழுக்குத் தண்ணீர் முதலில் நஹானி டிராப்பிலும் பிறகு சிங்க்கிலும்தான் பொங்கும், வால்வை எட்டாது. ஒருமுறை அழுக்குத் தண்ணீர் ரப்பரைத் தொட்டுவிட்டால் பிசுக்கு ஒட்டி, அது சரியாக மூடாமலே போகும்.

சிங்க்குக்குக் கீழே அலமாரிக்குள்தான் இடம் இருக்கிறது என்றால் அதுவும் முடியும். டிராப்புக்கு அடுத்துத்தான் டீ வர வேண்டும், டிராப்புக்கு முன்னால் வரக்கூடாது. முன்னால் போட்டால் டிராப்புக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. படுக்கைப் பைப்பிலிருந்து வால்வு குறைந்தது 4 இஞ்ச் உயரத்தில் இருக்க வேண்டும். இடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு மேலே, கடப்பாக்கல்லுக்கு அடியில் கை நுழையும் இடைவெளி விட்டு வையுங்கள். நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். 15 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் ரப்பர் வட்டு தன் இருக்கையில் சரியாக உட்காராது, எனவே ஸ்பிரிட் லெவல் வைத்துப் பாருங்கள். அலமாரிக் கதவு இறுக மூடுவதாக இருந்தால் அதில் நாலைந்து துளை போட வேண்டும். காற்று இல்லாத பெட்டிக்குள் வால்வு எதை உறிஞ்சும்? சுவருக்குள் புதைத்து டைல்ஸ் ஒட்டிவிடுவது மன்னிக்க முடியாத தவறு, ஏனென்றால் இந்தப் பொருள் ஒருநாள் மாற்றப்பட வேண்டியது. அதனால்தான் சால்வென்ட் சிமெண்ட் போட்டு ஒட்டவும் கூடாது. மரை உள்ளது என்றால் டெஃப்லான் டேப், சொருகுவது என்றால் ரப்பர் ரிங். ஒட்டும்போது சிமெண்ட் ஒரு சொட்டு உள்ளே வழிந்தாலும் வட்டு ஒட்டிக்கொள்ளும்.

வாங்கும்போது கவனிக்க ஒன்று இருக்கிறது. ஆன்லைனில் இதே பெயரில் ஸ்பிரிங் வைத்த மலிவு வால்வும் வருகிறது. சாக்கடை ஈரத்தில் ஸ்பிரிங் துருப்பிடித்து இழுவை போய்விடும். எடையால் மூடும் வகையாக, உடம்பில் இ.என். 12380 அல்லது அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.எஸ்.இ. 1051 என்று அச்சிட்டதாகப் பாருங்கள். செங்குத்துப் பைப்பின் தலைக்கான வகைக்கு அமெரிக்க எண் 1050. இந்த லைனுக்கு 50 மி.மீ. வால்வு பொதுவாகப் போதும். ஆனாலும் பெட்டியில் எழுதியிருக்கும் காற்றளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், பைப் அளவை மட்டும் சொல்லி வாங்காதீர்கள்.

பொருத்தியபின் அதே பாலிதீன் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். கவர் இப்போது லேசாக அசைவதோடு நிற்க வேண்டும். வால்வின் துளைகளுக்கு அருகே டிஷ்யூ பேப்பர் துண்டைப் பிடித்தால், மெஷின் தண்ணீர் விடும்போது உள்ளே இழுபட வேண்டும், தண்ணீர் நின்றதும் விடுபட வேண்டும். எப்போதாவது லைனைத் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்த்தாலோ, அடைப்பு எடுக்க அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சினாலோ, வால்வைக் கழற்றி வைத்துவிட்டு அந்த வாயை மூடிக்கொண்டு செய்யச் சொல்லுங்கள்.

உங்கள் லைன் உண்மையில் செங்குத்து மலக்குழாயில்தான் சேர்கிறதா என்பதை நேரில் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய முறையில் கட்டிய வீடுகளில் குளியல், சமையல் தண்ணீர் தனி 3 இஞ்ச் பைப்பில் இறங்கித் தரைமட்டத்தில் கல்லி டிராப்பில் (வெளியே தரையில் பதித்த டிராப்) விழும். மலக்குழாய் வேறாகப் போகும். உங்களுடையது அப்படியென்றால் நாற்றத்தின் மூலம் செப்டிக் டேங்க்காக இருக்காது, அந்த லைனிலேயே ஊறிக்கிடக்கும் பிசுக்காக இருக்கும். சுத்தம் செய்து, கல்லி டிராப்பில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தாலே தீரலாம். பின்பக்கச் சுவரில் எத்தனை பைப் இறங்குகிறது, எது எங்கே முடிகிறது என்று ஒரு படம் எடுத்துப் போட்டால் இதை நிச்சயமாகச் சொல்லிவிடலாம்.

எதைத் தீர்மானித்தாலும், சோலார் வேலை தொடங்கும் முன் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பைப்பை வெட்டும் ஆட்கள், துளைபோடும் தூசி உள்ளே விழாமல் இருக்க அதன் வாயில் சாக்கையோ பழைய துணியையோ திணித்து வைப்பார்கள். பேனல் மாட்டி இறங்கும்போது அதை எடுத்துவிட்டார்களா என்று நீங்களே மேலே போய்ப் பாருங்கள்.